ஸ்பானிஷ் கட்டுரையை மனப்பாடம் செய்யலாமா?

கேள்வி: மகள் லண்டனில் பதினொன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஜி.சி.எஸ்.இ. (இங்கே பதினாறு வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) ஸ்பானிஷில் எழுத்துத் தேர்வில் மட்டும் மார்க் குறைகிறது. மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்கிறாள். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, எப்படி உதவுவது?
- ஒரு வாசகி, ஹாரோ

பதில்: முதலில் அந்த மனப்பாடத்தை நிறுத்தச் சொல்லுங்கள். ஏ.கியூ.ஏ. தேர்வு வாரியத்தின் உயர்நிலைத் (ஹையர்) தாளில் ஆங்கில வாக்கியங்களை மொழிபெயர்ப்பது போக, 90 வார்த்தையில் ஒன்று, 150 வார்த்தையில் ஒன்று எழுத வேண்டும். இரண்டிலும் எதைப் பற்றி எழுதுவது என்று குறிப்புகள் கொடுத்திருப்பார்கள், அதில் ஒன்றை விட்டாலும் மீதி எவ்வளவு அழகாக இருந்தாலும் மார்க் போய்விடும். விடுமுறை பற்றி நெட்டுருப் போட்ட கட்டுரை, அடுத்த வருடத் திட்டத்தைக் கேட்கும் குறிப்புக்குப் பதில் சொல்லாது.

வாரம் ஒரு 90 வார்த்தைப் பயிற்சி போதும். தேர்வில் அகராதி கிடையாது, அதனால் வீட்டிலும் வேண்டாம். ஆசிரியர் திருத்திக் கொடுத்ததும் மார்க்கைப் பார்த்து மூடி வைக்காமல், இரண்டு நாள் கழித்து அதையே பார்க்காமல் திரும்ப எழுதட்டும். முன்னேற்றம் இந்த இரண்டாவது தடவையில்தான் வருகிறது, இதைத்தான் பெரும்பாலான பிள்ளைகள் செய்வதில்லை.

உங்கள் பங்கு? ஒவ்வொரு வினைச்சொல்லின் கீழும் கோடு போடச் சொல்லி, "யார்? எப்போது?" என்று தமிழிலேயே கேளுங்கள். தமிழில் 'பேசினேன்' என்றாலே 'நான்' என்பது தெரிந்துவிடுகிறது இல்லையா, ஸ்பானிஷிலும் விகுதியே ஆளையும் காலத்தையும் காட்டிவிடும், ஆங்கிலத்தில் யோசிக்கும் பிள்ளைகள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன். கடைசி ஓ எழுத்தின் மேல் ஒரு சின்னக் கோடு விழுந்தால் அவர் பேசினார் என்று ஆகிவிடும், அவ்வளவு நுணுக்கம்! அப்புறம் பிடிக்கும் என்பதை எழுதும்போது, நம் 'எனக்குப் பிடிக்கும்' மாதிரியே அங்கேயும் 'எனக்கு' என்றுதான் தொடங்கும், 'நான்' வராது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இதெல்லாம் சீக்கிரம் பிடிபடும், தைரியமாகச் சொல்லிக்கொடுங்கள்.

பழைய வினாத்தாள்களை வாரியத்தின் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். 2026 தேர்விலிருந்து பாடத்திட்டம் மாறியிருக்கிறது. முந்தைய தாள்களில் 90 வார்த்தைக் கேள்விக்கு நான்கு குறிப்புகள், இப்போது மூன்றுதான். அதனால் புதிய மாதிரித் தாளை முதலில் எடுங்கள், கூடவே உயர்நிலைக்கான 1,700 சொற்கள் கொண்ட பட்டியலையும்.