சூழலியல் ஓவியருக்கு வழிகாட்டுவதும் ஓவியம் கற்றுத்தருவதும் ஒன்றா?

இல்லை. இது கையைவிடக் கண்ணுக்கும் காதுக்கும் தரும் பயிற்சி. தூரிகை பிடிக்கத் தெரிந்தவர்தான் பெரும்பாலும் வருவார். எதைப் பார்ப்பது, யாரிடம் கேட்பது என்பதில்தான் துணை வேண்டும்.

வடசென்னையின் எண்ணூர் கழிமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் படிந்த சாம்பல், புகைப்படத்தில் வெளிர் மணல் போல அழகாகவே தெரியும். புதியவர் அதை அப்படியே வரைந்துவிடுவார். பறியை (பிடித்ததைப் போடும் ஓலைக்கூடை) பல்லில் கடித்தபடி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவரிடம் பேசினால்தான், அது அனல்மின் நிலையச் சாம்பல், ஆற்றின் ஆழமே அதனால் குறைந்துவிட்டது என்பது புரியும். அப்புறம் படமே மாறும். 2023 டிசம்பரில் எண்ணெய் கலந்தபோதும் அப்படித்தான். எந்த வலை வீணானது, எத்தனை நாள் தொழில் இல்லை என்று கேட்காமல் வரைந்தால் அது வெறும் கறுப்பு நிறம்.

இப்படி வழிகாட்டுவதை, காசிமேட்டு மீன் சந்தையில் அம்மா மீன் வாங்கச் சொல்லிக்கொடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் எல்லாம் தரமாட்டார். "செவுளைத் தூக்கிப் பாரு" என்பார், அவ்வளவுதான். (தன் பாணியைத் திணிக்கும் வழிகாட்டிகளும் உண்டு. அவர்களிடம் போகாமல் இருப்பதே மேல்.)

சூழலியல் கலை என்றால் பிளாஸ்டிக் பாட்டிலில் யானை செய்வது என்று பலர் நினைக்கிறார்கள்; கழிவுப்பொருள் கட்டாயமே இல்லை, கரித்துண்டால் வரைந்த கோட்டோவியமும் அதில் சேரும்.