ரூபக் தாளம்: சம் எங்கே விழுகிறது?

கேள்வி: இந்துஸ்தானிக் கச்சேரிகளில் ரூபக் தாளத்துக்குக் கை போட்டுப் பார்க்கிறேன். தபலா ‘கும்’ என்று முழங்கும் இடத்தைச் சம் (தாளச் சுற்றின் முதல் எண்ணிக்கை) என்று எடுத்தால், பாடகர் வேறு இடத்தில் வந்து சேர்கிறார். தவறு எங்கே?

பதில்: நீங்கள் பிடித்தது நான்காவது மாத்திரை, அதாவது நான்காவது எண்ணிக்கை. ரூபக்குக்கு 7 மாத்திரை. 3, 2, 2 என்று மூன்று விபாகம் (பகுதி). அதன் டேகா, அதாவது தாளத்தைக் காட்டும் தபலாச் சொற்கள், இது:

தின் தின் நா | தி⁴ன் நா | தி⁴ன் நா

மேலே சிறிய 4 போடாத ‘தின்’னில் வலது கைத் தபலா மட்டும்தான் பேசும். 4 போட்டதில் இடது கைப் பாயாவும் சேர்ந்து முழங்கும். தமிழில் எண் போடாமல் எழுதிக்கொண்டால் இந்த வித்தியாசமே மறைந்துவிடும். ரூபக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது. வேறு தாளங்களைப் பார்த்தால், தீன்தாலின் சம் ‘தா⁴’, ஜப்தாலின் சம் ‘தி⁴’. இரண்டிலும் பாயா உண்டு. அதைக் கேட்டுப் பழகிய காது சம்மில் கனத்தைத் தேடுகிறது. ரூபக்கிலோ சம்மே காலி, அதாவது தட்டாமல் கையை வீசும் இடம்.

ஆகவே 1-இல் வீச்சு, 2, 3-க்கு விரல். 4-இல் தட்டு, 5-க்கு விரல். 6-இல் தட்டு, 7-க்கு விரல். கச்சேரியின் நடுவில் தாளம் தவறினால் பாயாவைக் கவனியுங்கள். ஒரு முழக்கம், இரண்டு மாத்திரை கழித்து இன்னொன்று, அதற்கும் இரண்டு மாத்திரை கழித்து முழக்கம் வராமல் போனால் அந்த இடம்தான் சம். தபலாக்காரர் டேகாவை நிரப்பி வாசிக்கும்போது இந்த அடையாளம் கலைந்துவிடும். அப்போது பாட்டின் முகடா (திரும்பத் திரும்ப வரும் தொடக்க வரி) வந்து முடியும் இடம்தான் துணை.

கேள்வி: நம் ரூபக தாளமும் இதுவும் ஒன்றா?

பதில்: பெயர் மட்டுமே ஒன்று. நாம் வழக்கமாகப் போடும் சதுஸ்ர ஜாதி ரூபகம் 2+4, ஆறு அட்சரம். ரூபக்கின் கணக்குக்கு நெருக்கம் ‘தகிட தகதிமி’ (3+4) என்னும் மிஸ்ர சாபு. துருபத் என்னும் பழைய பாட்டு முறையில் பக்வாஜ் என்னும் இருமுக மத்தளத்தில் வாசிக்கும் தீவ்ரா தாளமும் 3+2+2 தான், ஆனால் அதன் சம் தட்டு. அதனால் அது காதில் வேறு தாளமாகவே விழும்.

கேள்வி: தபலா கற்கிறேன். வேகம் கூட்டினால் ஏழு எட்டாகிவிடுகிறது.

பதில்: கடைசி ‘நா’வை இழுக்கிறீர்கள். எட்டு மாத்திரைக் கெஹர்வாவில் ஊறிய கை, நான்கு நான்காக முடிக்கப் பார்க்கும். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 வைத்து, வாயால் டேகா சொல்லிக்கொண்டே 20 ஆவர்த்தனம் (சுற்று) வாசியுங்கள். 2 நிமிடம் 20 விநாடி ஆகும். ஒன்றுகூடப் பிசகாவிட்டால் வேகத்தை 5 கூட்டுங்கள். ‘தின்’னில் பாயா தவறி ஒலித்தாலும் பிசகுதான்.

பிறகு ஒரு சிறு திஹாய், அதாவது ஒரே சொற்கட்டை மூன்று முறை வாசித்துச் சம்மில் முடிப்பது. ‘தி ட க த தா⁴’ என்ற ஐந்து சொல்லை மாத்திரைக்கு இரண்டாக, இடைவெளி விடாமல் மூன்று முறை சொல்லுங்கள். சம்மில் தொடங்கினால், 15-ஆம் சொல்லான கடைசி ‘தா⁴’ அடுத்த சம்மில் விழும். முதல் ‘தா⁴’ 3-ஆம் மாத்திரையிலும் இரண்டாவது 5-ஆம் மாத்திரையின் பின்பாதியிலும் வரும். பலருக்கும் கை தடுமாறுவது அந்தப் பின்பாதியில்தான். அங்கே அரை மாத்திரை நிறுத்திவிட்டால் திஹாய் சம்மைத் தாண்டிப் போய்விடும்.