உறைபனியில் சைக்கிளில் வேலைக்குப் போக முடியுமா?

காரைக்குடியிலிருந்து பின்லாந்தின் ஊலு நகருக்கு வேலைக்குப் போகும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்.

தாராளமாக முடியும். அங்கே குளிர்காலத்திலும் சைக்கிள் பாதையில் பனியைத் தள்ளிவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளே ஓட்டுகிறார்கள். குவிந்து கிடக்கும் பனிகூடப் பரவாயில்லை. தார் மேல் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்திருக்கும் மெல்லிய படலம்தான் ஆளைக் கவிழ்க்கும். விசேஷத்துக்கு முன்னால் ஆத்தங்குடிக் கல் பதித்த வளவைச் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது ஓடியிருக்கிறீர்களா? அதேதான், ஊர் முழுக்க. பாலங்களில் மேலும் கீழும் காற்றுப் படுவதால் மற்ற சாலைக்கு முன்பே உறைந்துவிடும்.

முதல் செலவு ஆணி டயர். ரப்பரில் குட்டிக் குட்டி டங்ஸ்டன் கார்பைடு ஆணிகள் இருக்கும். காசு ஒன்றுக்குத்தான் என்றால் முன்சக்கரத்தில் மாட்டுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கியது விழுந்த பிறகுதான் தெரியும். அதனால் வழுக்கும் இடத்தில் பின் பிரேக்கை மட்டும், மெதுவாக. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், சாய்ந்து திரும்பாதீர்கள்.

கிளம்பும்போது லேசாகக் குளிர்ந்தால் உடை சரி. வியர்த்தால் பிறகு நடுங்குவீர்கள். கையுறையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், விரல் மரத்தால் பிரேக் பிடிக்க முடியாது. நம்மூர் மார்கழிக்கு ஆச்சி கட்டிவிடும் மப்ளரையும் எடுத்துப் போங்கள், கழுத்துக்கு ஆகும்.

பூட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் உறைந்துவிடும். எண்ணெய் விட்டு வையுங்கள்.