மாடியில் அறை கட்ட முன்பணம் கொடுப்பதற்கு முன்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் எங்களுக்கு முப்பது வருடப் பழைய தரைத்தள வீடு இருக்கிறது. சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் வெளியூர்க் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று, மாடியில் 400 சதுர அடியில் கழிவறையோடு ஓர் அறை எடுக்க நினைக்கிறோம். மாமா சொன்ன மேஸ்திரி மெட்டீரியலோடு 7.5 லட்சம் கேட்கிறார். அதில் 3 லட்சம் முன்பணம். காட்பாடி இன்ஜினியர் ஒருவர் 8.9 லட்சம் என்று விவரமாக எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் தினமும் ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போகிறேன், வீட்டில் அம்மா மட்டும்தான். யாரை நம்புவது?

பதில்: மேஸ்திரி நல்லவரா என்று பேச்சை வைத்துச் சொல்ல முடியாது. அவர் முன்பு முடித்த வேலையையும், உங்கள் பணம் எந்த வரிசையில் அவர் கைக்குப் போகப்போகிறது என்பதையும் பாருங்கள். வேலையைவிடப் பணம் முன்னே ஓடிவிட்டால், நாணயமான ஆள்கூட அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார். அங்கே அவருக்கு வேறொருவர் முன்பணம் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லாத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்து, பழைய வீடு மாடியைத் தாங்குமா என்று பார்க்கச் சொல்லுங்கள். தூண் வைத்த வீடா, சுவரே பாரம் தாங்கும் வீடா, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் தெரியாமல் ரேட் பேசுவதில் அர்த்தமில்லை. மாநகராட்சி அனுமதியை யார் வாங்குவது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

அப்புறம் இருவரையும் தனித்தனியாக மொட்டைமாடிக்கு அழைத்துப்போய் இரண்டு கேள்வி கேளுங்கள். முதல் கேள்வி: "புதுச் சுவரை எதன் மேல் எழுப்புவீர்கள்?" பழைய மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்திருப்பார்கள். சுவர் வரும் இடத்தில் அதை வெட்டி எடுத்துவிட்டு, கீழே சுவரோ பீமோ இருக்கும் கோட்டில், கான்கிரீட் தளத்தின் மேல்தான் சுவர் எழ வேண்டும். பழைய தட்டோடும் புதுச் சுவரும் சேரும் ஒட்டில்தான் பின்னால் ஒழுகும், அதனால் அந்த இடத்துக்கு என்ன செய்வார் என்றும் கேளுங்கள். இரண்டாவது: "கழிவறைக் குழாய் எங்கே போகும்?" ஏற்கெனவே போட்ட தளத்தில் குழாய் பதிக்கப் பள்ளம் இறக்க முடியாது. கழிவறைத் தரையை ஒரு படி உயர்த்தி, குழாயைச் சுவர் வழியாக வெளியே எடுக்க வேண்டும். இதைத் தானாகவே சொல்பவருக்கு வேலை தெரியும். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பழைய வேலையைப் பார்க்கப் போனால், போன மாதம் பெயிண்ட் அடித்த வீட்டைக் காட்டுவார்கள். அது வேண்டாம். மூன்று மழைக்காலம் கண்ட வீடாகக் கேளுங்கள். கழிவறைச் சுவரின் வெளிப்பக்கம், கூரையின் மூலைகள், ஜன்னலுக்குக் கீழே எல்லாம் ஈரக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரரைத் தனியாகப் பார்த்து, "கடைசிப் பணம் கொடுத்த பிறகு கூப்பிட்டால் வந்தாரா?" என்று கேளுங்கள். அந்தப் பதிலைத்தான் நான் மற்ற எதையும்விடப் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

சரி, 7.5 லட்சமா 8.9 லட்சமா? இப்போதைக்கு இரண்டையும் ஒப்பிடவே முடியாது. மேஸ்திரி சொன்ன தொகையில் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். மாடிப்படி, சன்ஷேடு, கைப்பிடிச் சுவர், சாரம், இடிபாட்டை அள்ளிப்போடுவது, தண்ணீர் லாரி, செப்டிக் டேங்க் இணைப்பு, ஒயரிங், டைல்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சதுர அடிக் கணக்கில் சன்ஷேடும் படியும் சேருமா என்பதும் தெரிய வேண்டும். கட்டட வேலையில் நான் பார்க்கும் சண்டைகளில் பெரும்பாலானவை "அது எக்ஸ்ட்ரா சார்" என்ற இடத்தில்தான் தொடங்குகின்றன. இதையெல்லாம் சேர்த்தால் 1.4 லட்சம் வித்தியாசம் காணாமல் போனாலும் ஆச்சரியமில்லை.

மூன்று லட்சம் முன்பணம் என்பது மொத்தத்தில் 40 சதவீதம். அது கூடவே கூடாது. கையெழுத்தன்று 50,000 ரூபாய் போதும். லிண்டல் மட்டம் (கதவு, ஜன்னலின் மேல்மட்டம்), கூரை கான்கிரீட், பூச்சு வேலை, டைல்ஸ் என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு பணம் கொடுங்கள். கழிவறைக்கு டைல்ஸ் ஒட்டும் முன் இரண்டு நாள் தண்ணீர் தேக்கிவைத்து, கீழ்வீட்டுக் கூரையில் கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான் அந்தத் தவணை. கடைசி 75,000 ரூபாய் ஒரு மழைக்காலம் முடியும்வரை உங்களிடமே இருக்கட்டும். சிமெண்ட், கம்பி வாங்கக் காசில்லை என்றால், கடைக்கு நீங்களே வங்கி வழியாகக் கட்டி, பில்லை உங்கள் பெயரில் வாங்குங்கள்.

கம்பி வந்து இறங்கும்போது அம்மாவே சோதிக்கலாம். 12 மீட்டர் நீளமுள்ள 12 எம்எம் கம்பி ஒன்று 10.66 கிலோ இருக்க வேண்டும். 8 எம்எம் என்றால் 4.74 கிலோ. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் பத்துக் கம்பியைச் சேர்த்து நிறுத்துப் பார்த்தால் ஏமாற்று தெரிந்துவிடும்.

நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் விடுவது பெரிய விஷயம். இப்போது அதிகம் விற்கும் பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்ட் போட்ட கான்கிரீட்டை, வெப்பமும் வறட்சியும் உள்ள காலத்தில் 10 நாளாவது ஈரமாக வைக்க வேண்டும், அதை 14 நாளாக நீட்டுவது நல்லது என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த யார் வருவார், தண்ணீர் யார் செலவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அம்மாவை மாடியேறித் தண்ணீர் ஊற்ற வைக்காதீர்கள். உங்களுக்கு அவசரம் இல்லையென்றால் பொங்கல் முடிந்ததும் ஆரம்பியுங்கள். மழையும் இராது, வெயிலும் அதற்குள் ஏறியிராது.

ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில், சிமெண்ட், கம்பி பிராண்டு பெயர்களோடு, முடிக்கும் தேதியோடு எழுதுங்கள். வீடு கட்டித்தருவதும் நுகர்வோர் சட்டப்படி ஒரு சேவைதான். குறை வந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே இந்தத் தாளும் வங்கிக் கணக்கும்தான் பேசும்.

மாமாவின் மனம் நோகுமே என்ற தயக்கம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. அவரையே ஒப்பந்தத்துக்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மேஸ்திரியை அவர் எதிரிலேயே உட்காரவைத்து, இந்தத் தவணைக் கணக்கைக் காட்டுங்கள். ஒத்துக்கொண்டு, மாடியில் கேட்ட இரண்டு கேள்விக்கும் சரியான பதிலும் சொல்லியிருந்தால் வேலையை அவருக்கே கொடுங்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை மட்டும் கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட்டுக்கு முன்னால், ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லுங்கள். மூன்று லட்சத்தில் பிடிவாதமாக நின்றால், அதே தவணைக் கணக்கோடு காட்பாடி இன்ஜினியரிடம் போங்கள்.