பக்கவாட்டில் உரசிய விபத்தைச் சிறு கீறல் என்று விட்டுவிடலாமா?

கொழும்பிலிருந்து காலி நகருக்குச் செல்லும் காலி வீதியில், தரிப்பிடத்திலிருந்து வெளியேறிய பஸ் உங்கள் காரின் இடப்பக்கத்தை உரசியதாகவும், கீறல்தானே என்று விட்டுவிடலாமா எனவும் கேட்டிருக்கிறீர்கள். விடக்கூடாது என்பதே எனது கருத்து. கதவு நசுங்குவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் முன்சில்லு இடிபட்டிருந்தால் அலைன்மென்ட் (சில்லுகள் நேராக நிற்கும் அமைவு) குலைந்து, ஸ்டியரிங் ஒருபுறமாக இழுப்பதும் டயர் ஓரம் தேய்வதும் பின்னரே புலப்படும்.

உங்களிடம் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே இருப்பின், உங்கள் காரின் திருத்தச் செலவை அது ஏற்காது. பஸ் தரப்பிடமே கோர வேண்டும். எனவே பொலிஸில் முறையிட்டு, கீறலில் ஒட்டியுள்ள பஸ்ஸின் வர்ணத்தைக் கழுவுமுன் சான்றாகக் கிட்டத்தில் படமெடுத்து வையுங்கள்.