பதினொரு பாடமும் ஒரு மூன்றாம் வகுப்பும்

கேள்வி: என் மகள் தனியார் மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். காலாண்டு விடுமுறை முடிந்து போனதும், இரண்டாம் பருவத்தில் என்னென்ன நடத்தப்போகிறார்கள் என்று ஒரு தாள் கொடுத்தனுப்பினார்கள். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், கணினி, இந்தி, பொது அறிவு, அபாகஸ், கோடிங், நன்னெறி என்று மொத்தம் பதினொன்று. என் நாத்தனார் மகன் அரசுப் பள்ளியில் அதே வகுப்பு. அவனுக்குப் பாட்டு, அட்டை, பொம்மை என்றே பொழுது போகிறது. உண்மையில் இந்த வயதுப் பிள்ளை ஒரு பருவத்தில் என்னதான் படிக்க வேண்டும்? டியூஷன் வைத்தால்தான் சமாளிக்க முடியுமா?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: அந்தத் தாள் உங்கள் மகளுக்காக அச்சடித்தது இல்லை அம்மா, கட்டணம் கட்டும் உங்களுக்காக அச்சடித்தது. பதினொன்றைப் பார்த்ததும் 'பரவாயில்லை, காசுக்கு நிறையச் சொல்லித்தருகிறார்கள்' என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும். தோன்றியிருக்கிறது. கூடவே பயமும் வந்துவிட்டதால் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒரு பிள்ளைக்கு என்ன வர வேண்டும் என்று, மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சிக் குழுவான என்.சி.இ.ஆர்.டி. 2017-லேயே வகுப்புவாரியாக எழுதிவைத்திருக்கிறது. கணக்கில் 999 வரை எண்களை இடமதிப்பு தெரிந்து படிக்க, எழுத வேண்டும். அதற்குள் கூட்டவும் கழிக்கவும் வேண்டும். வாய்ப்பாடு எத்தனை தெரியுமா? 2, 3, 4, 5, 10. அவ்வளவுதான். அதையும் ஒப்பிக்கச் சொல்லவில்லை, தானே உருவாக்கி அன்றாடக் கணக்கில் பயன்படுத்தச் சொல்கிறது. உங்கள் பள்ளியில் எதுவரை ஒப்பிக்கச் சொல்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பதினாறாம் வாய்ப்பாடு வரை கேட்கும் பள்ளிகளை எனக்குத் தெரியும். அங்கே படிக்கும் பிள்ளையிடம் 'பன்னிரண்டு மிட்டாயை மூன்று பேருக்குச் சமமாகப் பிரித்துக் கொடு' என்று சொல்லிப் பாருங்கள். வகுத்தலா பெருக்கலா என்று திரும்பக் கேட்கும்.

அறிவியல், சமூக அறிவியல் என்று தனித்தனியாகப் பிரித்தாலும் இந்த வயதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: சுற்றி இருப்பதைக் கவனிப்பது, கவனித்ததைச் சொல்வது. முருங்கை இலைக்கும் வாழை இலைக்கும் என்ன வித்தியாசம், குடும்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு, வீட்டிலிருந்து கடைக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது. இதைச் சொல்லவும் எழுதவும் மொழி வேண்டும். பாடத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவும் அதே மொழி வேண்டும். எழுத்துக்கூட்டித் தடுமாறுகிற பிள்ளைக்கு அறிவியல் புத்தகம் என்று ஒன்று கிடையாது. மனப்பாடம் செய்ய ஒரு கேள்வி-பதில் நோட்டுதான் உண்டு. ஆசிரியை கரும்பலகையில் எழுதுவார், பிள்ளை பார்த்து எழுதும், தேர்வில் அதையே திரும்ப எழுதி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கும். அப்புறம் என்ன குறை என்று நாமும் இருந்துவிடுவோம்.

குறை எங்கே என்று, கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகச் சென்று சோதிக்கும் அசர் ஆய்வு காட்டுகிறது. 2024-ல் கிராமப்புற இந்தியாவில் அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில், இரண்டாம் வகுப்புப் பாடம் ஒன்றைச் சரளமாக வாசித்தவர்கள் 23.4 சதவீதம். தனியார் பள்ளிப் பெற்றோர் இதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அங்கேயும் பாதியைத் தொடவில்லை.

உங்கள் நாத்தனார் மகன் கதைக்கு வருவோம். அவன் படிப்பது தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து, பிள்ளைகள் எழுத்தையும் எண்ணையும் மறந்துபோன நிலையில், 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் நீட்டித்தார்கள். ஒரே வகுப்பில் பிள்ளைகளை அவரவர் இருக்கும் இடத்தைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நடத்துகிறார்கள். எழுத்தே தெரியாத பிள்ளைக்கு எழுத்திலிருந்து, வாக்கியம் படிக்கிற பிள்ளைக்குக் கதையிலிருந்து. நீங்கள் சொல்லும் பாட்டும் அட்டையும் பொம்மையும் அதற்கான கருவிகள். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்க்கும் பள்ளிகள் இருக்கின்றன. மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றுவதிலேயே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் புலம்புவதும் பொய்யில்லை. ஆனால் 'இந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது?' என்ற கேள்வியை அந்தத் திட்டம் கேட்கிறது. உங்கள் கையிலுள்ள தாள் அதைக் கேட்கவில்லை.

இன்னொன்று. ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறையைத் தமிழகத்தில் 2012-ல் கொண்டுவந்ததே புத்தக மூட்டையையும் தேர்வுப் பயத்தையும் குறைக்கத்தான். 60 மதிப்பெண் தேர்வுக்கு, 40 மதிப்பெண் வகுப்புச் செயல்பாடுகளுக்கு. (அந்த நாற்பதுக்காக இரவு பதினோரு மணிக்குத் தெர்மகோல் வெட்டுவது அப்பாக்கள் என்பது வேறு கதை.) 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றது. அதே ஆண்டு மத்திய அரசு மூன்றாம் வகுப்புப் பையின் எடை 2 முதல் 3 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்றது. பதினொரு பாடத்துக்குப் புத்தகமும் நோட்டும் சேர்த்தால் எவ்வளவு வருகிறது என்று மளிகைக்கடைத் தராசில் ஒருநாள் வைத்துப் பாருங்கள்.

சரி, இந்தப் பருவத்தில் நீங்கள் செய்ய வேண்டியது என்ன? மகள் இதுவரை பார்க்காத ஒரு சின்னக் கதையைக் கொடுத்துத் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். முடித்ததும் 'அவன் ஏன் அப்படிச் செய்தான்?' என்று கேளுங்கள். அதேபோல ஆங்கிலத்தில் நாலு வரி. அப்புறம் 302-லிருந்து 147-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். நடுவிலுள்ள பூஜ்யத்திடம் கடன் வாங்கத் தெரிகிறதா என்று பார்த்தாலே இடமதிப்பு புரிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். வாசிக்கும்போது கடிகாரம் வைத்து நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ண வேண்டாம்.

இதில் எது தடுமாறுகிறதோ அதைக் குறித்துக்கொண்டு பெற்றோர் கூட்டத்துக்குப் போங்கள். 'இதற்கு வாரத்தில் எத்தனை பீரியட் ஒதுக்குவீர்கள்?' என்று வகுப்பு ஆசிரியையிடம் கேளுங்கள். நேரம் இல்லை என்றால், கோடிங், அபாகஸ் பீரியட்களை இதற்குத் தரச் சொல்லுங்கள். முதல்வர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். நீங்கள் தனியாகக் கேட்டால்தான் அவருக்கு மறுப்பது சுலபம். இன்னும் நாலு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு போங்கள்.

டியூஷன் வேண்டாம். பள்ளியில் மாலை நாலு வரை நடந்த அதே கேள்வி-பதில் நோட்டைத்தான் அங்கேயும் ஆறரை வரை எழுதவைப்பார்கள்.