டீச்சரிடம் கேளுங்கள்: நாற்பத்து மூன்றும் தொண்ணூற்றொன்றும்

(கடலூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஆங்கில மார்க் பற்றியவை.)

என் மகன் அரசுப் பள்ளியில் பத்தாவது, தமிழ் மீடியம். என் நாத்தனார் மகளும் பத்தாவதுதான், கடலூரில் மெட்ரிக் பள்ளி. அரையாண்டில் ஆங்கிலத்தில் அவள் 91, இவன் 43. இவனும் ராத்திரி பத்து மணி வரை புத்தகமும் கையுமாகத்தான் இருக்கிறான். இவனுக்கு ஆங்கிலம் ஏறவே ஏறாதா டீச்சர்?
ஒரு தாய், பண்ருட்டி

ஏறும். நாத்தனார் வீட்டு மார்க்கை ஓரமாக வைத்துவிட்டு, இவனுடைய விடைத்தாளைக் கையில் எடுங்கள். 43 வந்தது என்பதை விட, எந்தெந்தக் கேள்வியில் வந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாள் 100 மார்க். ஒரு மார்க் கேள்வி 14, இரண்டு மார்க் 10, ஐந்து மார்க் 10, எட்டு மார்க் 2. இதில் மனப்பாடச் செய்யுள் இருக்கிறது. படத்தைப் பார்த்து நாலு வரி எழுதுவது, வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது, ஒரு கடிதம் என்று பழகினால் கை தானாக எழுதிவிடும் கேள்விகளும் இருக்கின்றன. இவற்றை மட்டும் பிடித்துக்கொண்டே ஒரு பையன் 35ஐத் தாண்டிவிடலாம். பாடத்தில் ஒரு வாக்கியம்கூடப் புரியாமல் தாண்டலாம். மிகைப்படுத்தவில்லை, அப்படிப்பட்ட தாள்களை வருஷா வருஷம் திருத்தியவள் நான்.

அதனால்தான் தேர்ச்சி விகிதத்தில் இந்த இடைவெளி கண்ணிலேயே படுவதில்லை. 2024 பொதுத்தேர்வில் ஆங்கிலத்தில் 99.15 சதவீதம் பேர் பாஸ், தமிழில் 96.85. அடுத்த ஆண்டும் ஆங்கிலம் 99ஐத் தாண்டியது. இதை மட்டும் பார்க்கிற வெளியூர்க்காரர், நம் பிள்ளைகளுக்குத் தமிழை விட ஆங்கிலம் நன்றாக வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்!

உங்கள் மகனுக்கு ஆங்கிலம் என்பது ஒரு நாளில் ஒரு பீரியட். அந்தப் பெண்ணுக்கு எல்கேஜியிலிருந்து கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எல்லாமே ஆங்கில எழுத்தில்தான் கண்ணில் படுகிறது. டைரியில் மிஸ் எழுதி அனுப்பும் குறிப்பும் ஆங்கிலம். நாத்தனார் அதைப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டாக வேண்டும். இத்தனை வருடத்தில் அவள் படித்த ஆங்கில வரிகளுக்கு இவன் படித்தது ஏணி வைத்தாலும் எட்டாது. இதில் மூளைக்கு என்ன சம்பந்தம்?

ஆறாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் தடுமாறுவது காதில் விழும். தடுமாறினால் நாலாம் வகுப்புப் புத்தகத்துக்கு இறங்குங்கள். எது தடையில்லாமல் ஓடுகிறதோ அங்கிருந்து தினமும் ஒரு பக்கம் படிக்கட்டும். பத்தாவது படிக்கிறவனுக்கு நாலாவது புத்தகமா என்று வெட்கப்படுவான். கதவைச் சாத்திக்கொண்டு படிக்கட்டும், யாருக்குத் தெரியப்போகிறது! தெருவில் காலேஜ் போகிற அக்கா யாராவது இருந்தால் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மார்ச்சில் முந்திரிக் காலம் தொடங்கும்போதுதான் பொதுத்தேர்வும் வரும். அந்த மாதம் அவனைத் தோப்புக்குக் கூப்பிடாதீர்கள். உங்கள் ஊர்ப் பக்கத்து எல்லா அம்மாக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அரையாண்டு முடிந்ததும் மெல்லக் கற்கும் மாணவர்களைத் தனியாகப் பிரித்து மினிமம் மெட்டீரியலை, அதாவது பாஸ் ஆகப் போதுமான சில விடைகளை, மட்டும் நடத்தச் சொல்கிறார்கள். நூறு சதவீதத் தேர்ச்சி வேண்டுமாம். எனக்கு மனசு ஒப்பவில்லை, செய்யாமலும் இருக்க முடியவில்லை.
ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர், குறிஞ்சிப்பாடி வட்டம்

ஜனவரிக்கு மேல் தாராளமாகக் கொடுங்கள். பாஸ் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு பாலிடெக்னிக் கதவுகூடத் திறக்காது. ஆனால் பல பள்ளிகளில் இந்தப் பிரிவினை ஜூன் மாதமே, அதுவும் எட்டாம் வகுப்பிலேயே நடந்துவிடுகிறதே, அதில்தான் எனக்குக் கோபம். நன்றாகப் படிக்கிறவர்களுக்குப் பாடம், கதை, பேச்சு, நாடகம் எல்லாம் உண்டு. மற்றவர்கள் மூலையில் உட்கார்ந்து அதே ஐந்து விடைகளைப் பத்துத் தடவை எழுதுவார்கள். யாருக்கு ஆங்கிலம் குறைவாகக் கிடைத்ததோ அவர்களுக்கே பள்ளிக்கூடமும் குறைத்து அளந்து போடுகிறது. மூன்று வருடம் கழித்து இடைவெளி விரிந்திருக்காமல் என்ன செய்யும்?

அந்தப் பெயர்ப் பட்டியலை நிதானமாக ஒருமுறை பாருங்கள். விடுதிப் பிள்ளைகள், கரும்பு வெட்டப் போகிற குடும்பத்துப் பிள்ளைகள், வீட்டிலேயே முதன்முதலாகப் பத்தாவது வரை வந்தவர்கள். இவர்கள் மெதுவாகக் கற்கிறவர்கள் என்பதற்கு நம்மிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது? கற்பதற்கு நாம் எவ்வளவு கொடுத்தோம்?

உங்களுக்கு ஒரு பழைய செய்தி. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்பவர் தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனை நடத்தினார். ஆங்கிலம் கற்பிப்பவர்கள் அதை உலகம் முழுக்க ‘பெங்களூர்த் திட்டம்’ என்று படிக்கிறார்கள். அதில் ஒரு வகுப்பு நம் கடலூரில் நடந்தது. நம் ஆட்களில் பலருக்கே இது தெரியாது. இலக்கணத்தை உருப்போட வைக்காமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் மாதிரி எதையாவது கொடுத்து விடை கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பிள்ளைகளின் கவனம் விடையில் இருக்கும். ஆங்கிலம் அந்த வழியில் உள்ளே போகும். பிறகு ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்தப் பிள்ளைகளைப் பழைய முறையில் படித்தவர்களோடு ஒப்பிட்டு மதிப்பிட்டு 1985இல் வெளியிட்டார்கள். கொடுத்த வேலையைச் செய்து காட்டும் தேர்வில் புது முறைப் பிள்ளைகள் முந்தினார்கள், வாக்கிய அமைப்புத் தேர்வில் பெரும்பாலும் பழைய முறைப் பிள்ளைகள் முந்தினார்கள். எதைக் கொடுத்தோமோ அதுதான் தேர்வில் திரும்பி வந்தது. ஐந்து விடைகளைக் கொடுத்தால் ஐந்து விடைகள்தான் வரும்.

தலைமையாசிரியரிடம் சண்டை போட வேண்டாம். ஸ்பெஷல் கிளாஸின் முதல் பதினைந்து நிமிடத்தை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். கடலூர்–விருத்தாசலம் பஸ் நேரத்தைக் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதிப் போடுங்கள். ஒன்பது மணிக்கு வடலூரில் இருக்க வேண்டுமானால் எந்த பஸ், அதை விட்டால் அடுத்தது எத்தனை நிமிடம் கழித்து என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். தப்புத் தப்பாகத்தான் சொல்வார்கள், சொல்லட்டும். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் இருப்பது சுமார் 2,000 சொற்கள்தான். தினமும் ஐந்து என்று ஆறாம் வகுப்பில் தொடங்கினால், பள்ளி நாட்கள் 200 என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டே வருடத்தில் முடிந்துவிடும். மறதிக்கு இன்னும் இரண்டு வருடம் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்தாவது வரும்போது பட்டியல் கையில் இருக்கும். மிச்ச நேரத்துக்கு உங்கள் மெட்டீரியல்.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறியதிலிருந்து என் மகளின் ஆங்கில மார்க் சரிந்துவிட்டது. முன்பெல்லாம் 70க்குக் குறைய மாட்டாள். பாடம் கடினமா, இவளுக்குச் சோம்பலா?
ஒரு தந்தை, லாஸ்பேட்டை

கேள்வித்தாள் மாறிவிட்டது சார், அவ்வளவுதான். 2023-24இல் மேல் வகுப்புகள் மாறின. 2025இல்தான் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதன்முதலாக சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினார்கள். அங்கே எழுத்துத் தேர்வு 80, பள்ளி மதிப்பீடு 20. அந்த 80இல் 20 மார்க் முன்பின் பார்த்திராத பத்திகளுக்கு, 20 இலக்கணத்துக்கும் எழுதுவதற்கும், 40 பாடங்களுக்கு. பாடக் கேள்வியிலும் ஒரு பகுதியை எடுத்துப் போட்டு, ‘இவன் ஏன் இப்படிச் செய்தான்’ என்று கேட்பார்கள். கைடை உருப்போட்டவருக்கு அங்கே பிடி கிடைக்காது.

அந்த 70ஐப் பொய் என்று சொல்ல மாட்டேன், அன்றைக்குக் கேட்டதற்கு அவள் சரியாக எழுதினாள். சிபிஎஸ்இ தன் இணையதளத்தில் மாதிரித் தாள்களை விடைக்குறிப்போடு இலவசமாகப் போட்டிருக்கிறது. வாரம் ஒரு பத்தியை மட்டும் எடுத்து, நேரம் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். ரோமன் ரோலண்ட் நூலகத்தில் சேர்த்துவிட்டு, அவளுக்குப் பிடித்த எதையாவது எடுத்துவர விடுங்கள். கிரிக்கெட் புத்தகமோ பேய்க்கதையோ, எதுவானாலும் சரி.

எங்கள் வகுப்பில் முதல் பத்து ரேங்கில் எட்டுப் பேர் பெண்கள். சார் எங்களை மட்டும் திட்டுகிறார். இது நியாயமா மேடம்?
ஒன்பதாம் வகுப்பு மாணவன், தேவனாம்பட்டினம்

தம்பி, மாநிலம் முழுக்க இதே கதைதான். 2025 பத்தாம் வகுப்பில் பெண்கள் 95.88 சதவீதம், ஆண்கள் 91.74, இது எல்லாப் பாடமும் சேர்ந்த கணக்கு. ஆங்கிலத்தில் நான் பார்த்த வரை, பெண்கள் தெரியாத கேள்விக்கும் நாலு வரி எழுதி வைப்பார்கள். நீங்கள் அந்த இடத்தை வெள்ளையாக விட்டுவிட்டு, மணி அடிக்கும் முன்பே பேப்பரைக் கட்டுவீர்கள். வெள்ளைத்தாளுக்கு நான் எப்படி மார்க் போடுவது? விடியற்காலையில் அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டு வந்து வகுப்பில் தூங்கும் பையனை நான் திட்டியதில்லை. கிரிக்கெட் ஆடிவிட்டுத் தூங்குகிறவனைத் திட்டியிருக்கிறேன். நீ எந்த ரகம் என்று எழுதவே இல்லையே?

என் பையன் தமிழை ஓரளவு படிக்கிறான், ஆங்கில எழுத்துகளை மாற்றி மாற்றிப் போடுகிறான். டிஸ்லெக்ஸியா என்கிறார்கள். தேர்வில் ஏதாவது சலுகை உண்டா?
ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

உண்டு. பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்லச் சொல்ல எழுத ஆளும் தருகிறார்கள். அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பம் போக வேண்டும். ஹால் டிக்கெட் வந்த பிறகு அலையாதீர்கள், ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடுங்கள். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் ஓரளவு ஒழுங்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் அது குறைவு என்பதால் இந்தப் பிள்ளைகளின் சிரமம் அங்கேதான் பெரிதாகத் தெரியும். அவனை அடிக்காதீர்கள்.

மகளை ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றலாமா?
நெல்லிக்குப்பம் வாசகர்

தமிழ்ப் புத்தகத்தைத் தடுமாறாமல் படித்து, படித்ததைச் சொந்தமாகச் சொல்கிறாளா? சொல்கிறாள் என்றால் எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்வாள். இல்லையென்றால் மாற்றாதீர்கள். அறிவியலைத் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து எழுதுவாள், ஆங்கிலமும் வராது, அறிவியலும் போய்விடும். தமிழ் வழியிலேயே தொடர்ந்து படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருப்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் யோசித்து மாற்றுவதானால் ஆறாம் வகுப்பிலேயே மாற்றுங்கள், ஒன்பதில் வேண்டவே வேண்டாம்.